நாடி சீராயிற்று

மருதமுனைத் தெருக்களில் தறியோசை கேளாத வீடு அரிது என்று சொல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. அவ்வூரிலே பிறந்து, கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ் கற்பித்து, இளைப்பாறிய பின் தாம் பிறந்த தெருவுக்கே திரும்பி வந்தவர் என் ஆசிரியர். தமது நாடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் தறியைத்தான் உவமை கூறுவார். "கைதேர்ந்த நெசவாளி மிதிக்கிற தறியின் சத்தம் ஒரு மாதிரி, நெசவு பழக வந்த பொடியன் மிதிக்கிற சத்தம் வேறொரு மாதிரி. என்னுடைய நெஞ்சுக்குள்ளே இருக்கிறவன் பத்து வருஷமாகப் பழகுகிறான் மகன், இன்னும் பழகி முடியவில்லை" என்பார்.

அவர் கூறியதில் மிகையில்லை. இளமையில் வந்த வாதக்காய்ச்சல் அவருடைய இருதயத்தின் இடப்பக்கத்து வாயிலொன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. அறுபதை அண்மிய வயதில் இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு, காற்றிலே அரசிலை நடுங்குவதுபோல நடுங்கத் தொடங்கின. அன்று முதல் நாடி ஒழுங்கற்றதாயிற்று. இரண்டு துடிப்பு நெருங்கி வரும், பின் ஓர் இடைவெளி, பின் மூன்று, மீண்டும் நீண்ட மௌனம். இதற்கென அவர் தினமும் டிஜொக்சின் மாத்திரை உட்கொண்டார். உடலிற் சேரும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரையும் இரத்தம் கட்டியாகாதிருக்க ஒரு மாத்திரையும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குச் செல்வேன். அவர் கையை நீட்டுவார். நான் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவேன். நான் வைத்தியனல்லன், விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை ஆசிரியன் மட்டுமே. ஆயினும் குருவின் மணிக்கட்டைப் பற்றியிருக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு பேறாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கையைப் பற்றியதும் வியப்படைந்தேன். நாடி சீராக அடித்தது. இடறல் இல்லை, அவசரம் இல்லை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் நூல் பிடித்து அளந்தாற்போல ஒரே அளவு. ஒரு நிமிடத்துக்கு 46. "சேர், நெசவாளி தேர்ந்துவிட்டான்" என்றேன். அவர் மகள் கதவருகே நின்றபடி, "வாப்பாவுக்குச் சுகம் வந்திட்டுது, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். ஆசிரியர் மட்டும் அவ்வளவு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. நான்கைந்து நாட்களாக வயிற்றோட்டம் கண்டு அப்போதுதான் தணிந்திருந்தது. உணவைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். கையிலிருந்த நூலைக் காட்டி, தாளெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். ஐம்பது வருஷத்துப் பழைய புத்தகம் மஞ்சளாகத் தெரியாமல் வெள்ளையாகவா தெரியும் என்று நாங்கள் சிரித்தோம்.

மறுநாட் காலை அவர் எழுந்து நிற்கும்போது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். அங்கே கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், மருந்துகளின் பெயரைக் கேட்டார், பின்பு, "நாடி எப்போதிருந்து இப்படிச் சீராக இருக்கிறது?" என்று வினவினார். நேற்று முதல் என்று நான் பெருமையோடு கூறினேன். அவர் முகம் மாறியது. "இவருடைய நாடி சீராக இருக்கக் கூடாது" என்றார்.

அந்த வாக்கியத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாட்கள் சென்றன. சீர் என்பதும் ஒழுங்கு என்பதும் நலத்தின் மறுபெயர்களே என்றல்லவா நாம் எண்ணி வந்திருக்கிறோம்!

நிற்க. இருதயத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மேலே சோணைகள் இரண்டு, கீழே இதயவறைகள் இரண்டு என்று பெயர் குறித்து நாங்கள் மாணவருக்குக் கற்பிக்கிறோம். வலச் சோணையின் மேற்புறத்தில், பெருநாளம் வந்து சேருமிடத்தருகே, குடாச்சோணைக் கணு என்னும் சிறு இழையக் கூட்டம் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அது தானாகவே மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் சோணைகளைச் சுருங்கச் செய்தபின் கீழ்நோக்கி வருகிறது. ஆனால் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னைக் கடத்தாத நாரிழையச் சுவரொன்று உண்டு. அச்சுவரைக் கடப்பதற்கு அமைந்த ஒரே வழி சோணை இதயவறைக் கணுவும் அதிலிருந்து புறப்படும் ஹிஸ் கட்டுமேயாகும். தூண்டல் இக்கணுவில் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் தாமதிக்கிறது. வயல்களுக்கு நீர் பாயும் வாய்க்காலில் மதகு செய்யும் வேலையை ஒத்தது இது. அத்தாமதம் இல்லையேல் மேலறை தன் குருதியைக் கீழே இறக்கி முடிக்குமுன் கீழறை சுருங்கிவிடும்.

இந்த மதகுப் பிரதேசத்தையே இருதயத்தின் சந்தி என்கிறார்கள். கடத்துவது மட்டும் இதன் தொழிலன்று. தேவை நேர்ந்தால் தானே துடிப்பை எழுப்பவும் இது வல்லது.

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கயிற்றைப் பற்றி நிற்போர் அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் அதற்கிசைய ஒருமித்து இழுப்பர். அடியெடுப்பவருக்குத் தொண்டை அடைத்துப் பாட்டு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கயிறு கையை விட்டு நழுவுவதில்லை. சற்று நேரம் மௌனம். பின் அடுத்து நிற்பவர் பாட்டை எடுத்துக்கொள்வார். அவர் குரல் தாழ்ந்தது, கதி மெதுவானது. ஆயினும் வலை கரையை நோக்கியே வரும். முன்னவர் பாடிக்கொண்டிருக்கும் வரை இவர் வாய் திறப்பதில்லை. இருதயத்திலும் இதுவே நியதி. வேகமாகத் துடிக்கும் கணு மெதுவாகத் துடிக்கக்கூடியதை அடக்கி வைத்திருக்கிறது. மேற்கணு ஓய்ந்தால், அல்லது அதன் கட்டளை கீழே வந்து சேராவிட்டால், சந்தி தன் பாட்டைத் தொடங்குகிறது. அதன் கதி நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை. சந்தியும் வாளாவிருந்தால் இதயவறைகளில் பரந்திருக்கும் பேர்க்கிஞ்சி நார்கள் 20 முதல் 40 வரை என்ற தளர்நடையில் முயன்று பார்க்கும். ஆங்கில வைத்திய நூலார் இத்தகைய துடிப்பைத் 'தப்பியோடும் துடிப்பு' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். அப்பெயர் எனக்கு உடன்பாடன்று. ஓடுபவன் செயலா இது? பொறுப்பேற்பவன் செயலன்றோ!

சந்தித் துடிப்பு ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? பழங்காலத்து நாழிகை வட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அடியிற் சிறு துளையுள்ள கிண்ணம் நீரின் மேல் மிதக்கும். துளைவழியே நீர் ஊறி நிறைந்ததும் அமிழும். எடுத்து வெறுமையாக்கி மீண்டும் மிதக்க விடுவர். துடிப்பை எழுப்பும் கலமும் அத்தகையதே. சோடியம், கல்சியம் என்னும் அயன்கள் அதனுள் மெல்ல மெல்லக் கசிந்து மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. குறித்த மட்டத்தை எட்டியதும் கலம் மின்னிறக்கம் பெற்றுப் பழைய நிலைக்கு மீள்கிறது. கசிவு மறுபடியும் தொடங்குகிறது. துளையின் அளவு மாறாத வரையில் காலமும் மாறாது.

மேலேயுள்ள குடாச்சோணைக் கணுவுக்கும் இதே பொறிமுறைதான். ஆனால் அதன் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகள் காத்திருக்கின்றன. மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைகிறது. வெளிவிடுகையில் வேகசு நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தாழ்கிறது. சினமும் அச்சமும் படியேறுதலும் பழைய நண்பர் ஒருவரின் குரலும் அதனை மாற்றுகின்றன. சுகதேகியான ஓர் இளைஞனின் நாடி கண்டிப்பான ஒழுங்குடையதன்று; உற்றுக் கவனித்தால் மூச்சோடு சேர்ந்து அது அசைந்தாடுவது புலப்படும். சந்திக்கோ நரம்புகளின் ஆட்சி அவ்வளவாக எட்டுவதில்லை. ஆகையால் அது மணிக்கூடுபோல அடிக்கிறது. உயிரின் சஞ்சலங்கள் அதற்குத் தெரியா. நான் அந்த வெள்ளிக்கிழமை விரல் நுனியில் உணர்ந்து மகிழ்ந்த ஒழுங்கு இந்த ஒழுங்குதான்.

விரல் எவ்வளவு கூர்மையானதாயினும் ஒழுங்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அது கூறமாட்டாது. நமது சித்த வைத்தியர்கள் வாத பித்த கப நாடிகளை அன்னத்தின் நடைக்கும் ஆமையின் ஊர்தலுக்கும் தவளையின் தாவலுக்கும் ஒப்பிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா தமது வைத்தியப் பெருநூலில் நாடியைப் பத்துக் கூறுகளால் ஆராய்ந்தபோது, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் என்பதையும் அவற்றுட் சேர்த்தார். மான் துள்ளுவது போன்றதும் எறும்பு ஊர்வது போன்றதுமான நாடிகளைப் பெயரிட்டுரைத்தார். நமது பிரதேசத்து யூனானி ஹக்கீம்கள் கைக்கொண்ட மரபு அதுவே. இவர்களது உவமைகளைப் பழைமை என்று ஒதுக்குவோர் உளர்; நான் அவ்வாறு ஒதுக்கேன். விரலுக்கு எட்டியதை அவர்கள் விரல்கொண்டு எட்டினார்கள். அதற்கு அப்பாற் செல்ல வேறு கருவிகள் வேண்டியிருந்தன.

அக்கருவிகள் வந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியில் பேர்ன்லி என்னும் ஆலை நகரத்தில் ஜேம்ஸ் மக்கன்சி என்ற சாதாரண குடும்ப வைத்தியர் இருந்தார். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கில்லை. கையின் நாடியையும் கழுத்து நாளத்தின் அசைவையும் ஒரே தாளில் மையினால் வரையும் கருவியொன்றை அவர் ஆக்கினார். கழுத்து நாளத்தின் அலைகளுள் ஒன்று மேலறை சுருங்குவதால் உண்டாவது. பல்லாண்டுகளாகத் தாம் பார்த்துவந்த நோயாளருள் நாடி முற்றாக ஒழுங்கிழந்தோரிடம் அவ்வலை மறைந்துபோயிருப்பதை மக்கன்சி கண்டார். மேலறை செயலிழந்துவிட்டது என முதலில் எண்ணினார். பின்னர், மேலறையும் கீழறையும் ஒரே வேளையிற் சுருங்குவதால் அலை மறைகிறது போலும் என்று கருதி, துடிப்பு இடைக்கணுவிற் பிறக்கிறது எனக் கொண்டு, அதற்குக் 'கணுத் துடிப்பு' எனப் பெயரிட்டார். 1909ஆம் ஆண்டில் தோமஸ் லூயிஸ் மின்வரைபின் துணையோடு ஆராய்ந்து, அங்கே நிகழ்வது மேலறையின் நடுக்கமே என்று நிறுவினார். உலகில் மிகவும் ஒழுங்கற்ற நாடிக்கு, மிகவும் ஒழுங்கான துடிப்பின் பெயரைச் சில காலம் சூட்டியிருந்தார்கள்! மக்கன்சி தம் பிழையை மறைக்காது லூயிஸின் முடிவை ஏற்றுக்கொண்டார். என் வெள்ளிக்கிழமைப் பிழையை எண்ணி நாணும்போதெல்லாம் இப்பெரியாரின் பிழை எனக்கு ஆறுதல் தருவதுண்டு.

லூயிஸுக்குத் துணைநின்ற மின்வரைபுக் கருவியைச் செய்தவர் ஒல்லாந்தரான வில்லெம் ஐந்தோவன். இவர் 1860ஆம் ஆண்டில் யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்தவர். நம் நாட்டு மலாயரின் முன்னோர் சிலர் வந்த தீவு அதுவேயாகும். காந்தப் புலத்தினூடே படிக நாரொன்றைத் தொங்கவிட்டு, இருதயத்தின் நுண்மின் அதனை அசைப்பதை ஒளியால் வரைந்தார். முதற்கருவியை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நம் கிராமத்து வைத்தியசாலைகளில் ஒரு தாதி கையிலெடுத்து வரும் பெட்டி அதன் வழிவந்ததுதான்.

சந்தியின் கணுவை நுணுக்குக்காட்டியாற் கண்டறிந்தவர் சுனாவோ தவாரா என்னும் யப்பானியர். ஜேர்மனியின் மார்புர்க் நகரில் அஷொவ் என்னும் பேராசிரியரிடம் பயின்றபோது, இருதயத்தின் கடத்தும் பாதை முழுவதையும் துலக்கி, 1906ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் மேற்கணுவைப் பற்றி எழுதினார்கள். பிளாக் அப்போது மருத்துவ மாணவர்; கீத் தம் மனைவியோடு துவிச்சக்கர வண்டியில் உலாவச் சென்றிருந்த ஒரு கோடைநாளில், வீட்டிலிருந்தபடியே ஓர் அகழெலியின் இருதயத்தில் அதனைக் கண்டார். மாணவரைக் குறைத்து மதிக்கும் ஆசிரியர்களுக்காக இதனை இங்கே குறித்து வைக்கிறேன்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர், நரிவிரற்பூ என்று பொருள்கொள்ளத்தக்க பெயருடைய பூண்டின் இலை நீர்க்கோவையைத் தணிப்பதைப் பற்றி நூலெழுதினார். அவ்வினத்துச் செடியொன்றிலிருந்து 1930இற் பிரித்தெடுக்கப்பட்டதே டிஜொக்சின். அது சந்தியின் மதகைச் சிறிது தாழ்த்துகிறது. மேலறை நிமிடத்துக்கு நானூறு ஐந்நூறு என்ற கணக்கில் நடுங்கினும், அவற்றுட் சிலவே கீழே இறங்குகின்றன. எவை இறங்கும் என்பதற்கு ஒழுங்கில்லை. ஆகவே நாடியும் ஒழுங்கற்றது. ஆனால் இம்மருந்தின் நலந்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து வெளியேறாது தங்கிவிடும். வயிற்றோட்டத்தால் உடல் வற்றினாலும், நீர் மாத்திரையாற் பொற்றாசியம் குறைந்தாலும், வழக்கமான மாத்திரையே மிகையாகிவிடும். என் ஆசிரியர் அந்த நான்கைந்து நாட்களிலும் உணவைத்தான் குறைத்தார். மருந்துகளை ஒருவேளையேனும் தவறவிடவில்லை. ஒழுக்கம் மிக்கவர்! மதகு முற்றாக மூடிக்கொண்டது. மேலே நடுக்கம் நிற்கவில்லை. அதன் ஓசை கீழே கேட்கவில்லை. கீழே சந்தி தன் தனிப்பாட்டைத் தொடங்கிவிட்டது. குமட்டலும் தாளின் மஞ்சள் நிறமும் அந்த நஞ்சின் பழைய அடையாளங்களென வைத்திய நூல்கள் கூறுகின்றன. நாங்கள் சிரித்துவிட்டோம்.

இதிலும் ஏமாற்றும் வகை ஒன்றுண்டு. மருந்து மிகும்போது சந்தி 40, 60 என்ற எல்லையில் நில்லாது 70, 80 என விரைவதும் உண்டு. அப்போது நாடி சீராகவும் இருக்கும், எண்ணிக்கையும் சுகதேகியினது போலவே இருக்கும். பல்லாண்டு ஒழுங்கற்றிருந்த நாடி திடீரெனத் திருந்தினால், அது நடுக்கம் உண்மையாகவே நின்றதாலா, அன்றிச் சந்தி தனித்துத் துடிப்பதாலா என்பதை மின்வரைபு ஒன்றே சொல்லும்.

நம் வேலியோரத்து மஞ்சள் அலரியிலும் டிஜொக்சினை ஒத்த நஞ்சு உண்டு. அந்நஞ்சு ஏறியவர்களிடம் இருதயம் மந்தமடைவதையும் மதகு அடைபடுவதையும் சந்தித் துடிப்பு எழுவதையும் இலங்கை வைத்தியசாலைகள் அறிந்த அளவுக்கு உலகில் வேறிடங்கள் அறிந்திருப்பது அரிது. செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஆக்கப்படும் முறிமருந்து அந்நஞ்சையும் முறிக்கும் என்பதை, கொழும்பில் 66 நோயாளரிடம் நடத்திய ஆராய்ச்சி காட்டியது. 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழ் அதனை வெளியிட்டது. முறிமருந்தின் விலையோ ஏழை நாடுகளுக்கு எட்டாததாயிற்று. அழகுக்காக நடப்பட்ட அம்மரத்தைச் சிறுவர் உலாவும் முற்றத்தில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பது என் வினா.

சந்தித் துடிப்பு எங்கே கண்டாலும் அஞ்ச வேண்டும் என்பதன்று. ஓட்டப்பந்தய வீரனிடமும் ஆழ்ந்து உறங்கும் இளைஞனிடமும் மேற்கணு மிகவும் தாழ்ந்து துடிக்கும் வேளையில் சந்தி சிறிதுநேரம் தலைகாட்டிச் செல்வதுண்டு. அதற்கு மருந்து வேண்டியதில்லை. முதுமையில் மேற்கணு நலிந்து போனவர்களிடமும், இருதயத்தின் கீழ்ப்புறச் சுவரில் மாரடைப்பு உற்றவர்களிடமும், இருதயச் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளிடமும் தோன்றுவது வேறு. காரணத்தை அறிந்து அதனை நீக்குவதே வைத்தியம். காரணத்தை நீக்க இயலாதவிடத்துச் செயற்கைத் துடிப்பூட்டி உண்டு. உடலினுள்ளே பதிக்கும் அக்கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது 1958ஆம் ஆண்டில், சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில்.

ஆசிரியருக்கு அது வேண்டியிருக்கவில்லை. டிஜொக்சினை நிறுத்தினார்கள், இரத்தத்தைச் சோதித்துப் பொற்றாசியக் குறைவைச் சரிசெய்தார்கள், ஊசிவழி நீர் செலுத்தினார்கள். கட்டிலருகே இருந்த திரையில் ஒரே இடைவெளியில் கூர்மையான முனைகள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றிடையே அடிக்கோடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இரவுகள் நான் அத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான ஒழுங்கை அவ்வளவு வெறுத்து நான் பார்த்ததில்லை. அடுத்த முனை எழாது போனால் என்ன செய்வது என்ற எண்ணம் ஒவ்வோர் இடைவெளியிலும் வந்து போயிற்று. மூன்றாம் நாட் பின்னேரம் முனையொன்று முந்திக்கொண்டு எழுந்தது. சிறிது நேரத்தின்பின் இன்னொன்று. மறுநாட் காலையில் வைத்தியர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் சரி" என்று புன்னகை செய்தார். திரையில் ஒழுங்கு என்பது மருந்துக்கும் இல்லை.

வீடு திரும்பியபின் ஒருநாள், நடந்ததை அவருக்குத் தாளில் வரைந்து விளக்கினேன். மேலறையின் சுருக்கத்தைக் காட்டும் சிறிய முதலலை, சந்தியில் துடிப்பு பிறக்கும்போது என்னவாகிறது என்று சொன்னேன். தூண்டல் கீழிருந்து மேலே செல்வதால் அவ்வலை தலைகீழாகும். மேலும் கீழும் ஒருமித்துச் சுருங்கினால் பேரலையினுள் மறைந்துவிடும். சிலவேளை பேரலைக்குப் பின், வரவேண்டாத இடத்தில் வந்து நிற்கும் என்றேன். நடுங்கும் மேலறையுடைய தங்களுக்கு அந்த அலையே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முன்பு கணுத் துடிப்பு என வழங்கியதை, கணுவின் உடற்பகுதியிலன்றி அதனைச் சூழ்ந்த பகுதியிலும் ஹிஸ் கட்டிலுமே துடிப்பெழுப்பும் இயல்பு மிகுதி என அறிந்தபின், சந்தித் துடிப்பு என மாற்றிவிட்டார்கள் என்றேன்.

அவர் வரைபை நெடுநேரம் பார்த்தார். "திரிகிறது, கெடுகிறது, தோன்றுகிறது" என்று விரல் மடக்கினார். "சந்தியிலே வேறென்ன நடக்கும் மகன்? நாற்பது வருஷம் இதைத்தானே நான் படிப்பித்தேன்!" என்றார். பிறகு கையை நீட்டினார்.

மணிக்கூட்டைப் பார்த்தபடி பிடித்தேன். இரண்டு நெருங்கி வந்தன, ஓர் இடைவெளி, மூன்று, நீண்ட மௌனம், மீண்டும் ஒன்று.

"பொடியன் வந்துவிட்டானா?" என்று கேட்டார்.

"வந்துவிட்டான் சேர்" என்றேன்.